அமெரிக்காவில் வழக்கை எங்கே தொடுப்பது: ஃபெடரல் நீதிமன்றத்திலா, மாநில நீதிமன்றத்திலா?

அமெரிக்காவில் வழக்குத் தொடுக்க விரும்பும் ஒருவர், தம் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு முன்பே, தம் வழக்கை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்ற அடுக்கு இருக்கிறது; அவற்றுக்கு இணையாக, 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் கொண்ட ஃபெடரல், அதாவது மத்திய அரசின், அடுக்கு தனியே இயங்குகிறது. மாநில நீதிமன்றங்கள் ஏறக்குறைய எல்லா வகை வழக்குகளையும் ஏற்கலாம். ஃபெடரல் நீதிமன்றமோ அரசமைப்புச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் கொடுத்த வரம்புக்குள் மட்டுமே இயங்க முடியும். இரு தரப்பும் சம்மதித்து எழுதிக் கொடுத்தாலும் இல்லாத அதிகாரம் அதற்கு வந்துவிடாது.

அந்த வரம்புக்குள் வருவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. வாதியின் கோரிக்கை ஃபெடரல் சட்டத்தின்கீழ் எழுவது முதல் வழி. இதற்கு 1980 முதல் தொகை வரம்பு கிடையாது. கோரிக்கை மாநிலச் சட்டத்தைச் சார்ந்ததாகவே இருந்தாலும், இரு தரப்பினரும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, வழக்கின் மதிப்பு வட்டியும் செலவும் நீங்கலாக 75,000 டாலருக்கு மேல் இருப்பது இரண்டாவது வழி. வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தாலே இந்த இரண்டாவது வழி அடைபட்டுவிடும் என்பது 1806-இலிருந்து உச்ச நீதிமன்றம் பின்பற்றிவரும் விதி. ஒரு நிறுவனம், தான் பதிவுசெய்யப்பட்ட மாநிலம், தன் தலைமை அலுவலகம் செயல்படும் மாநிலம் ஆகிய இரண்டுக்கும் உரியதாகக் கருதப்படும்.

அங்கு வாழும் தமிழர்கள் இதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்-1பி விசாவில் நியூ ஜெர்சியில் இருப்பவர், அதே நியூ ஜெர்சியைச் சேர்ந்த அமெரிக்கக் குடிமகன் மீது இந்த இரண்டாவது வழியில் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுகலாம். ஏனெனில் அவர் வெளிநாட்டவர். அவரே கிரீன் கார்டு பெற்று அதே மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தால், சட்டம் அந்த வழியை மறுக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் சென்னைக்கே நிரந்தரமாகத் திரும்பிவிட்டவரின் நிலை இன்னும் கடினம். அவர் எந்த மாநிலத்தவரும் அல்லர், வெளிநாட்டவரும் அல்லர் என்பதால், இரண்டாவது வழி அவருக்கு முற்றிலும் கிடையாது.

முதல் வழியிலும் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கென்டக்கியைச் சேர்ந்த மாட்லி தம்பதி 1871-இல் ரயில் விபத்தில் காயமடைந்தனர். இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிடுவதற்கு ஈடாக, ஆயுள் முழுவதும் இலவசப் பயணச் சீட்டு வழங்க லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே ஒப்புக்கொண்டது. 1906-இல் நாடாளுமன்றம் இலவசச் சீட்டுகளைத் தடைசெய்யவே, நிறுவனம் சீட்டைப் புதுப்பிக்க மறுத்தது. தம்பதியினர் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய் வென்றனர். ஆனால் 1908-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் எழுப்பாத அதிகார வரம்புக் கேள்வியைத் தானாகவே எழுப்பி, வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி உத்தரவிட்டது. அவர்களின் கோரிக்கை ஒப்பந்த மீறல் என்ற மாநிலச் சட்ட விஷயம். ஃபெடரல் சட்டமோ எதிர்த்தரப்பு சொல்லப்போகும் பதிலில்தான் வருகிறது. அது போதாது என்பதே காரணம். அவர்கள் கென்டக்கி நீதிமன்றங்களில் மீண்டும் முதலிலிருந்து வழக்காடி வென்றனர். 1911-இல் அதே உச்ச நீதிமன்றம், இம்முறை வழக்கின் சாரத்தையே ஆராய்ந்து, அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவர்களை இப்படி அலையவிட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வாதியின் வழக்குரையை, அதாவது அவர் தாக்கல் செய்யும் கோரிக்கை மனுவை, மட்டும் பார்த்தே ஃபெடரல் கேள்வி உண்டா என்று முடிவுசெய்யும் அந்த விதி இன்றும் மாறவில்லை.

வாதி மாநில நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தால், பிரதிவாதி அதை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வழக்கு தொடக்கத்திலேயே அங்கே தொடுக்கத்தக்கதாக இருந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வழக்குரை பிரதிவாதியிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட 30 நாளுக்குள், பொதுவாக மற்றப் பிரதிவாதிகளின் சம்மதத்துடன் இதைச் செய்ய வேண்டும். வெவ்வேறு மாநிலத்தவர் என்ற காரணம் மட்டுமே இருந்தால், வழக்கு நடக்கும் மாநிலத்தையே சேர்ந்த பிரதிவாதி மாற்றக் கோர முடியாது. மாற்றிய முறையில் குறை இருந்தால் வாதி 30 நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அதிகார வரம்பே இல்லை என்றால், இறுதித் தீர்ப்புக்கு முன் எப்போது தெரியவந்தாலும் வழக்கு மாநில நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். மருத்துவர் சீட்டுடன் விற்கப்பட்ட நாய் உணவு தொடர்பான ராயல் கெனின் வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இன்னொரு தெளிவையும் தந்தது: வழக்கு மாற்றப்பட்ட பிறகு வாதி தம் வழக்குரையைத் திருத்தி ஃபெடரல் கோரிக்கைகளை நீக்கிவிட்டால், மீதமுள்ள மாநிலச் சட்டக் கோரிக்கைகளை ஃபெடரல் நீதிமன்றம் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது வழியில் வரும் வழக்குகளில், ஃபெடரல் நீதிபதி மாநிலத்தின் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்பது 1938-இல் ஈரி ரயில்வே வழக்கில் நிலைபெற்றது. ஆகவே நீதிமன்றத்தை மாற்றினால் சட்டமும் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமில்லை.

மாநில நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கை ஃபெடரல் நீதிமன்றம் தடையாணையால் நிறுத்துவதை 1793-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே நாடாளுமன்றம் கட்டுப்படுத்தி வருகிறது. மாநிலம் தொடுத்த குற்ற வழக்கு நிலுவையில் இருக்கையில் பொதுவாகக் குறுக்கிடலாகாது என்று 1971-இல் யங்கர் வழக்கு கூறியது. மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றில் ஆணை பிறப்பிப்பது மாநில நீதிமன்றங்களின் வேலை. அங்கே தோற்றவர்கள், அந்தத் தீர்ப்பை ரத்துசெய்யக் கோரி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதை அடிக்கடி காண்கிறோம். அதற்கு அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது. மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று, ஃபெடரல் சட்டக் கேள்வி இருந்தால் மட்டும், 90 நாளுக்குள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அணுகுவதே வழி.

காலவரம்பையும் மறக்கக் கூடாது. ஃபெடரல் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுத்த வழக்கு அதிகார வரம்பு இல்லாமல் தள்ளுபடியானால், அந்த நீதிமன்றம் அதை மாநில நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்காது. வாதிதான் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஃபெடரல் கோரிக்கையோடு சேர்த்துத் தொடுக்கப்பட்ட மாநிலச் சட்டத் துணைக் கோரிக்கைகளுக்கு, தள்ளுபடிக்குப் பின் குறைந்தது 30 நாள் அவகாசத்தை ஃபெடரல் சட்டமே தருகிறது. மற்றவற்றுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் என்ன சலுகை தருகிறது என்பதை, ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.