ஐஇபிஎஃப்-க்குப் போன பங்குகளைத் திரும்பப் பெறுவது எப்படி?

ஒரு நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைத் தொடர்ந்து 7 ஆண்டுகள் வாங்காமல் விட்டால், அந்தப் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியான ஐஇபிஎஃப்-க்குப் போய்விடும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 124-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. இடையில் ஓர் ஆண்டு டிவிடெண்டை வாங்கியிருந்தாலும் பங்குகள் போகாது. மாற்றுவதற்கு 3 மாதம் முன்பே நிறுவனம் கடிதம் அனுப்ப வேண்டும். அது பழைய முகவரிக்குப் போவதுதான் சிக்கல்.

போனாலும் உரிமை உங்களுடையதே. இடையில் கிடைத்த போனஸ் பங்குகளும் டிவிடெண்டும் சேர்ந்தே திரும்ப வரும்.

iepf.gov.in தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டைக் கவனிக்கும் ஆர்டிஏ-வுக்கு (பதிவாளர்) எழுதி, பங்கு உங்களுக்கு உரியது என்று உறுதிசெய்யும் என்டைட்டில்மென்ட் லெட்டர் வாங்குங்கள். பங்கு காகிதச் சான்றிதழாக இருந்தால் கேஒய்சி-க்காக ஐஎஸ்ஆர்-1, கையெழுத்துக்கு வங்கி சான்றளித்த ஐஎஸ்ஆர்-2 என்ற இரண்டு படிவங்களும் கேட்பார்கள். பங்குதாரர் இறந்திருந்தால், வாரிசுரிமை ஆவணங்களையும் இந்தக் கட்டத்திலேயே கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களை அதிகம் சுற்ற வைப்பது இனிஷியல். சான்றிதழில் 'கே. சுப்பிரமணியன்', பான் அட்டையில் 'கிருஷ்ணன் சுப்பிரமணியன்', ஆதாரில் 'சுப்பிரமணியன் கே' என்று இருக்கும். மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் அஃபிடவிட் எழுதி முதலிலேயே கொடுத்துவிடுங்கள். டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு), பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருப்பது இன்னும் நல்லது. டீமேட் கணக்கு இல்லாமல் பங்கு திரும்பாது.

என்டைட்டில்மென்ட் லெட்டர் வந்ததும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் ஐஇபிஎஃப்-5 படிவத்தை நிரப்புங்கள். கட்டணம் இல்லை, ஆகவே சதவீதக் கமிஷன் கேட்கும் ஏஜென்ட் தேவையா என்று யோசியுங்கள். படிவத்தைச் சமர்ப்பித்ததும் கிடைக்கும் எஸ்ஆர்என் என்ற விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, படிவத்தின் பிரதி, ஒப்புகை, இழப்பீட்டுப் பத்திரம், அசல் சான்றிதழ், ரத்து செய்த காசோலை, கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட் (டீமேட் கணக்கு விவரத்தாள்) ஆகியவற்றை நிறுவனத்தில் ஐஇபிஎஃப் வேலையைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நேராக ஐஇபிஎஃப் ஆணையத்துக்கு அனுப்பினால் வேலை நடக்காது. நிறுவனம் சரிபார்ப்பு அறிக்கை தந்த பிறகுதான் ஆணையம் கோப்பையே தொடும். அந்த அறிக்கை கிடைத்ததிலிருந்து 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி, நடப்பில் இழுக்கும். குறை இருந்தால் மின்னஞ்சல் வரும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

ஒரு நிதியாண்டில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே விண்ணப்பம்தான். எனவே ஒரே நிறுவனத்தில் இரண்டு மூன்று ஃபோலியோ (பங்குதாரர் கணக்கு எண்) இருந்தால் எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.