கட்டி இருந்தால் கரு தங்காது என்று யார் சொன்னது?

சென்ற வாரம் வெளிநோயாளிகள் பிரிவுக்கு ஒரு பெண்மணி வந்தார். வயது 39. மகன் கல்லூரியில், மகள் பத்தாம் வகுப்பில். "கட்டி பெரிதாகிவிட்டது டாக்டரம்மா. அடிவயிறு கனக்கிறது, நான்கு மாதமாக மாதவிலக்கும் இல்லை" என்றார். கையில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கை, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. கர்ப்பப்பைச் சுவரில் 5 செ.மீ. நார்த்திசுக் கட்டி. வயிற்றில் கை வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தோம். கட்டி ஏறக்குறைய பழைய அளவிலேயே சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் 16 வாரக் குழந்தை கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கட்டி இருந்தால் தங்காது என்றார்களே?" என்று அவர் என்னையே கேட்டார். அந்தக் கட்டி தெரிந்த மாதத்திலிருந்து ஆணுறையைக்கூட விட்டுவிட்டார்களாம். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். குழந்தைக்காக ஏங்கும் ஒரு பெண்ணிடம், "உங்கள் கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தால் கரு தங்குவது சிரமமாக இருக்கலாம்" என்று ஒரு மருத்துவர் சொல்லியிருப்பார். அந்தப் பேச்சு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் "சிரமமாக இருக்கலாம்" என்பது "தங்காது" ஆகிவிடுகிறது. கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டிதான் கருத்தரிப்பைப் பெரிதும் பாதிக்கும். அதுவும் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, கதவைச் சாத்திவிடாது. சுவருக்குள்ளோ வெளிப்பக்கமோ இருக்கும் கட்டிகளோடு கருத்தரித்து, பத்து மாதம் சுமந்து, நல்லபடியாகப் பெற்றெடுக்கும் பெண்களை எங்கள் கர்ப்பிணிகள் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். குழந்தை வேண்டும் என்பவருக்குக் கட்டி ஒரு தடையாகலாம். குழந்தை வேண்டாம் என்பவருக்கு அது கருத்தடை ஆகாது. இரண்டையும் குழப்பாதீர்கள், தயவுசெய்து.

இன்னொரு குழப்பம் அறிக்கையின் மொழியால் வருவது. "கர்ப்பப்பை 12 வார அளவு" என்று எழுதுவது எங்கள் தொழில் பழக்கம். 12 வாரக் கர்ப்பத்தில் இருக்கும் அளவுக்குக் கர்ப்பப்பை பெருத்திருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். அதைப் படித்துவிட்டு ஒருவர் பதறி அழுதுகொண்டு வருகிறார். இன்னொருவர், உண்மையாகவே கர்ப்பமாக இருக்கும்போது, "அது கட்டிதான்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். பழியில் பாதி எங்களுக்கும் உண்டு.

அடுத்து, மாத்திரைகள். அதிக ரத்தப்போக்குக்கு நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்திருப்போம். மாதத்தில் சில நாட்கள் போட வேண்டியது. அதையே கருத்தடை மாத்திரை என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்படிக் கொடுக்கும் முறையில் அது கருவைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரான்எக்ஸாமிக் ஆசிட் ஹார்மோனே அல்ல, கருத்தடையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அதைவிட மோசம், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே இதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது. இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "வெள்ளையாக, சின்னதாக இருக்கும்" என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் விளங்காது.

சரி, எதைத்தான் பயன்படுத்துவது? கட்டி இருக்கிறது என்பதற்காகக் கருத்தடை மாத்திரையையோ ஊசியையோ ஒதுக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணையில் இரண்டுக்கும் தடையில்லாத முதல் பிரிவுதான். மாத்திரை கட்டியை வளர்க்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. இன்றைய குறைந்த அளவு மாத்திரைகள் அப்படிச் செய்வதாக நிரூபணமில்லை. கட்டியைச் சுருக்கவும் செய்யாது, ரத்தப்போக்கைக் குறைக்கும். ஆனால் முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது என்று புத்தகம் சொல்கிறது. நம் ஊர்ப் பெண்களிடம் புகை குறைவு, ரத்தக் கொதிப்புக்குக் குறைவில்லை. 140/90க்கு மேல் இருந்தாலோ, கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வந்தாலோ, காலில் ரத்தக்கட்டு வந்திருந்தாலோ வேறு வழிதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொடக்கத்தில் திட்டுத்திட்டாகப் படும், போகப்போக மாதவிலக்கே நின்றுபோகலாம், அதில் கெடுதல் இல்லை. வாரம் ஒருமுறை விழுங்கும் 'சாயா' கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் மட்டும் வாரத்துக்கு இரண்டு. அதில் மாதவிலக்கு தள்ளிப்போவதுண்டு. 15 நாளுக்கு மேல் தள்ளினால் "மாத்திரையால்தான்" என்று இருந்துவிடாமல் பரிசோதியுங்கள்.

காப்பர் டி விஷயத்தில் கட்டியின் அளவைவிட இடம்தான் முக்கியம். வெளிப்பக்கம் 6 செ.மீ. கட்டி இருந்தும் காப்பர் டி வைக்கலாம். 2 செ.மீ. கட்டியே உள்ளறையைக் கோணலாக்கியிருந்தால் வைக்கக் கூடாது, அதேபோல் உள்ளே வைக்கும் ஹார்மோன் வகைச் சாதனமும் கூடாது. சரியாக உட்காராது, வெளியே வந்தும் விடலாம். அறை சீராக இருந்தாலும், ஏற்கெனவே நாப்கின் நனைந்து வழியும் பெண்ணுக்குக் காப்பர் டி என் முதல் தேர்வு அல்ல, ரத்தப்போக்கு இன்னும் கூடும். ஹீமோகுளோபின் 7 கிராமில் நிற்பவருக்கு அதை வைத்து அனுப்புவது சிகிச்சையே அல்ல. அவருக்கு ஹார்மோன் வகைச் சாதனம் கருத்தடையும் ஆகும், ரத்தப்போக்கையும் வெகுவாகக் குறைக்கும். விலை அதிகம் என்பதுதான் குறை. எதுவானாலும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் காரணம், பிறகுதான் கருத்தடை.

கருத்தடைக்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்லி வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கிவிட்டு, நள்ளிரவில் ரத்தம் நிற்காமல் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களிடம் பேசவே நேரம் இருப்பதில்லை.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். கட்டி இருந்தாலும், வயது 45 ஆனாலும், மாதவிலக்கு தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மருந்துக்கடையில் அந்த அட்டை கிடைக்கும். கிராமத்தில் இருப்பவர்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கேட்கலாம்.

முன்னே சொன்ன பெண்மணி என்ன முடிவெடுத்தார் என்பது அவர் விஷயம். கணவரை உள்ளே அழைத்தேன். பெரிய கட்டியோடு மனைவிக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்வது சற்றுச் சிக்கல், அது ரத்தப்போக்கையும் சரிசெய்யாது, உங்களுக்கென்றால் கத்தியில்லாத, தையலில்லாத வாசக்டமி இருக்கிறது, அன்றே வீட்டுக்குப் போகலாம், மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொண்டு, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்றேன்.

"எனக்குத்தான் கட்டி இல்லையே டாக்டர்?" என்றார்.

"அதனால்தான் உங்களுக்குச் செய்வது சுலபம்" என்றேன்.