ஒரு மட்டிகிட்ட இருந்து இன்னொரு மட்டிக்கு ஒட்டுற கேன்சர்

கேன்சர் ஒட்டுவாரொட்டி நோய் கிடையாது, நோயாளி பக்கத்துல உக்காந்தா நமக்கு வந்துடாதுன்னு நாம எல்லாருக்கும் சொல்லிட்டே இருக்கோம், மனுஷங்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனா கடல்ல இருக்கிற சில மட்டிகள் (சிப்பி மாதிரி ரெண்டு ஓடு இருக்கிற உயிர்) கதையே வேற, அங்க கேன்சர் செல்லே தண்ணில மிதந்து போய் அடுத்த மட்டிக்குள்ள குடியேறிடுது.

வட அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில மண்ணுல புதைஞ்சு வாழுற மியா அரினேரியான்னு ஒரு மட்டி இருக்கு. அதுக்கு லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் மாதிரி ஒரு நோய் வர்றத 1970கள்லயே பாத்துட்டாங்க. எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னா, ரெண்டு ஓடுகளையும் இழுத்து மூடுற தசையில ஊசி போட்டு கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க. மட்டி ரத்தம் சிவப்பா இருக்காது, தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், நோய் முத்தின மட்டில மட்டும் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருக்கும். அத கண்ணாடித் துண்டுல விட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா நல்ல செல் எல்லாம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு கை கால் நீட்டுற மாதிரி பரவும், கேன்சர் செல் உருண்டையா அப்படியே மிதக்கும், எதுலயும் ஒட்டாது, உள்ள இருக்கிற நியூக்ளியஸ் மட்டும் பெருசா தெரியும்.

இதுக்கு காரணம் வைரஸா, கடல்ல கலக்குற கழிவான்னு ரொம்ப வருஷம் தேடினாங்க. 2015ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல மைக்கேல் மெட்ஸ்கர், ஸ்டீபன் காஃப் குழு கேன்சர் செல்லோட டிஎன்ஏவையும் அது இருந்த மட்டியோட டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. சாதாரணமா கேன்சர்னா அது அந்த உடம்போட சொந்த செல் கெட்டுப்போய் வர்றது, அதனால டிஎன்ஏ பெருமளவு ஒத்துப்போகணும். இங்க ஒத்துப்போகல! நியூயார்க், மெய்ன், கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் தீவுன்னு தூர தூரமா எடுத்த மட்டிகள்ல இருந்த கேன்சர் செல் எல்லாம் தங்களுக்குள்ள ஒண்ணா இருந்துச்சு, அது இருந்த மட்டியோட மட்டும் பொருந்தல. அதாவது எப்பவோ ஒரே ஒரு மட்டியில உருவான கேன்சர், ஒரு மரத்துல போத்து ஒடிச்சு ஊரெல்லாம் நட்ட மாதிரி, அந்த மட்டி செத்த பிறகும் பரவிட்டே இருக்கு. ஸ்டீமர்னு பேர் வச்ச ஒரு தாவுற டிஎன்ஏ துண்டும் (தன்னையே பிரதி எடுத்து டிஎன்ஏல வேற இடங்கள்ல போய் ஒட்டிக்கிற துண்டு) இதத்தான் காட்டுச்சு, நல்ல செல்லுல அது சில பிரதிதான் இருக்கும், கேன்சர் செல்லுல நூத்துக்கும் மேல, அதுவும் வேற வேற மட்டில ஒரே இடங்கள்ல போய் ஒட்டியிருந்துச்சு. தனித்தனியா வந்த நோயா இருந்தா இது நடக்க வாய்ப்பே இல்ல. 2023ல வந்த ஆய்வு இந்த கேன்சருக்கு வயசு 200 வருஷத்துக்கு மேலன்னு கணக்கு போட்டுச்சு.

நம்ம உடம்புல வேற ஆளோட செல் வந்தா எதிர்ப்பு சக்தி அடையாளம் கண்டு அடிச்சுடும், உறுப்பு மாத்துறப்ப வர்ற பிரச்சனையே அதுதான். மட்டிகளுக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கு, ஆனா நமக்கு இருக்கிற மாதிரி திசுவை இனம் பிரிச்சுப் பாக்குற அமைப்பு இல்ல. அதோட நாள் பூரா கடல்தண்ணிய உள்ள இழுத்து வடிகட்டித்தான் சாப்பிடுதுங்க, அப்ப தண்ணில வர்ற செல்லும் கூடவே உள்ள போகும். குளிர்ந்த கடல்தண்ணில இந்த கேன்சர் செல் வாரக்கணக்குல உயிரோட இருக்கும்னு சோதனைல தெரிஞ்சிருக்கு.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கிறது இனம் தாண்டுற விஷயம். ஸ்பெயின் கடற்கரையில ஒரு மட்டி இனத்துல இருந்த கேன்சர், பக்கத்துல வாழுற வேற ஒரு இனத்தோட செல்லுன்னு 2016ல தெரிஞ்சுது, ஆனா அது பிறந்த இனத்துல தேடினப்ப நோய் கிடைக்கல, அந்த இனம் தப்பிக்க வழி கண்டுபிடிச்சிருக்கலாம்னு நினைக்கிறாங்க. இன்னொரு வகை கேன்சர் தென் அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டு இடத்து மசல்ங்கிற இன்னொரு சிப்பி வகையிலயும் இருக்கு, நடுவுல அவ்வளவு பெரிய கடல் இருக்கிறதால கப்பல் அடியில ஒட்டிப்போன மசல் மூலமா போயிருக்கும்னுதான் சந்தேகப்படுறாங்க. மனுஷங்களுக்கு இது ஒட்டும்னு எந்த ஆதாரமும் இல்ல, அந்த பயம் வேண்டாம்.

இப்ப ஒவ்வொரு மட்டியா ஊசி போடாம, தண்ணியையே எடுத்து அதுல கேன்சர் செல்லோட டிஎன்ஏ இருக்கான்னு பாக்குற முறையும் வந்திருக்கு, நோய் இருக்கிற மட்டி வச்ச தொட்டி தண்ணில அது கிடைச்சிருக்கு.