அந்தக் குரங்கு கும்பிடல, நான்தான் கும்பிட வச்சேன்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ல, சாட்ஸ்வர்த் பக்கம் 11 வருஷமா வீடியோ வேலை பாக்குறேன். கல்யாணம், காவடி, கிரகப்பிரவேசம், கடை விளம்பரம், எது வந்தாலும் செய்வேன். 2025 மே மாசம் கூகுளோட வியோ 3ன்னு, எழுதிக் குடுத்தா வீடியோ பண்ணித் தர்ற ஏஐ டூல் வந்து, படத்தோட சத்தமும் சேர்ந்தே வர ஆரம்பிச்சதுல இருந்து கடைக்காரங்க கேக்குறதே மாறிப்போச்சு. முன்னாடி கடை போர்டு, ரேட்டு, பின்னாடி ஒரு மியூசிக் போட்டா போதும், இப்ப "அண்ணா, பூனை ரொட்டி சுடுற மாதிரி போடுங்க, நாய் பக்கி (சின்ன லோடு வண்டி) ஓட்டிட்டு வர்ற மாதிரி போடுங்க"ன்னுதான் வர்றாங்க. எனக்கும் மனசுக்குப் பிடிச்ச வேலைதான், பிள்ளைங்க பாத்து சிரிக்கிறப்போ நல்லா இருக்கும். ஆனா இந்த வேலை பண்றவங்க, பண்ணப் போறவங்க, பாத்துட்டு ஃபார்வர்டு பண்றவங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

போன நவம்பர்ல ஒரு பழக்கடைக்கு ரெண்டு கிளிப் பண்ணிக் குடுத்தேன். முதல் கிளிப்ல குரங்கு ஏப்ரன் கட்டிக்கிட்டு தராசுல மாம்பழம் நிறுக்கும், பாத்தா கார்ட்டூன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரெண்டாவதுதான் பிரச்சினை. மஞ்சள் ஃப்ராக் போட்ட ஒரு சின்னப் பொண்ணு வீட்டுச் சுவர் ஓரமா நின்னு வாழைப்பழத்த நீட்டுவா, சுவர் மேல இருக்குற வெர்வெட் குரங்கு (எங்க ஊர் வீடுகளுக்கு வர்ற குரங்கு வகை) அத வாங்கிட்டு ரெண்டு கையையும் சேத்து கும்பிடும். மொத்தமே 8 செகண்ட். நிஜமா இருக்கட்டும்னு கடைக்காரர் கேட்டாரு, அதனால வீட்டு வாசல் செக்யூரிட்டி கேமராவுல எடுத்த மாதிரி, மேல இருந்து பாக்குற கோணம், கொஞ்சம் மங்கல், ஓரத்துல நேரம் ஓடுற மாதிரி ப்ராம்ப்ட் போட்டேன், அதாவது ஏஐக்கு அப்படி எழுதிக் குடுத்தேன். ஏழெட்டு தடவ ரெண்டர் பண்ணி ஒண்ணு நல்லா வந்துச்சு. போஸ்ட் போடும்போது ஏஐ லேபிளும் ஆன் பண்ணித்தான் போட்டேன்.

நாலு நாள்ல அது என் கையவிட்டுப் போயிடுச்சு. யாரோ ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி, கடைப் பேரு இருந்த கீழ்ப்பக்கத்த கிராப் பண்ணி, பக்திப் பாட்டு ஒண்ண சேத்து, ஆஞ்சநேயரே வந்து ஆசீர்வாதம் பண்ணாருன்னு எழுதி வாட்ஸ்அப்ல விட்டுட்டாங்க. கோயில் குரூப், குடும்ப குரூப், ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப்னு சுத்தி என் சொந்த அக்காவே எனக்கு அனுப்பினாங்க, "பாருடா தம்பி, நம்ம ஏரியாவுல நடந்திருக்கு"ன்னு.

அந்த வாரம் சனிக்கிழமை காலைல எங்க பக்கத்து வீட்டு ஆயா கத்துற சத்தம் கேட்டு ஓடினேன். அவங்க பேரன், ஏழு வயசு, சுவருகிட்ட வாழைப்பழத்த நீட்டிட்டு நின்னிருக்கான். வந்தது குட்டி வச்சிருந்த தாய்க் குரங்கு. இங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குட்டி போடுற சீசன், பிறந்த குட்டி கருப்பு முடியும் ரோஸ் மூஞ்சியுமா அம்மா வயித்த ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல யாரு கிட்டப் போனாலும் தாய் சும்மா விடாது. பையன் பழத்த குடுத்துட்டு கும்பிடும்னு காத்திருக்கான், அது கும்பிடலன்னதும் இன்னும் கொஞ்சம் கைய நீட்டிருக்கான், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கடிச்சிடுச்சு. நான் அவன் கைய குழாய்க்கு கீழ பிடிச்சு சோப்புப் போட்டு கழுவினேன், 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவணும்னு எங்கயோ படிச்சது ஞாபகம் இருந்துச்சு. தண்ணி ரோஸ் கலர்ல ஓடுது, பையன் அழுகைய அடக்கிக்கிட்டு என்ன பாத்து கேக்குறான், "மாமா, உங்க ஃபோன்ல கும்புட்டுச்சே, இது ஏன் கும்புடல?" அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

கிளினிக்ல காயத்துக்கு மருந்து போட்டு ரேபிஸ் ஊசியும் ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 14ன்னு நாள் கணக்கு. குரங்குக்கு ரேபிஸ் வர்றது அபூர்வம்தான், ஆனா எங்க மாகாணம் குவாசுலு-நட்டால்ல நாய்ங்ககிட்ட அந்த நோய் இன்னும் இருக்கு, அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாத நோய், அதனால டாக்டர் ரிஸ்க் எடுக்கல. இப்ப பையன் நல்லா இருக்கான், தழும்பு மட்டும் இருக்கு.

இத ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, நான் தப்பான லேபிள் போடல, விதியையும் மீறல. நிஜம் மாதிரி தெரியிற ஏஐ வீடியோன்னா சொல்லிட்டுப் போடணும்னு யூடியூப்ல 2024 மார்ச்ல இருந்தே இருக்கு, டிக்டாக்லயும் அதே மாதிரி விதி உண்டு. ஆனா அந்த லேபிள் அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் இருக்கும். ஃபைலுக்குள்ள எழுதி வைக்கிற தகவல் ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணா வராது, கூகுள் போடுற சிந்த்ஐடி கண்ணுக்குத் தெரியாத குறி, குடும்ப குரூப்ல பாக்குற ஆயாவுக்கு அதனால என்ன பிரயோஜனம்? ஓபன்ஏஐயோட வீடியோ டூல் சோரா 2 வந்தப்போ படத்துக்கு மேலயே இடம் மாறி மாறி ஓடுற வாட்டர்மார்க் வச்சாங்க, கொஞ்ச நாள்லயே அதையும் அழிக்கிற டூல் வந்துடுச்சு.

மக்கள் ஏமாந்தது அவங்க முட்டாள்தனம்னு யாரும் சொல்லாதீங்க. 2025 ஜூலைல ராத்திரி நேரத்துல முயல்கள் டிராம்பொலின் மேல குதிக்கிற வீடியோ டிக்டாக்ல வந்துச்சே, கோடிக்கணக்கான பேரு பாத்தாங்க, அதுலயும் இதே செக்யூரிட்டி கேமரா லுக்தான். நடுவுல ஒரு முயல் அப்படியே காணாமப் போகும், நிறைய பேரு கவனிக்கவே இல்ல. மங்கலா, கருப்பு வெள்ளையா, கேமரா அசையாம இருந்துச்சுன்னா ஏஐ பண்ற தப்பெல்லாம் மறைஞ்சிடும், இது நிஜ கேமராதான்னு நம்ம மனசும் நம்பிடும். எடிட்டிங் பண்றவனுக்கு அது ரொம்ப சுலபமான வழி, அதனாலதான் ஆபத்தும்.

இன்னொண்ணு மிருகங்களோட மூஞ்சி. ஏஐகிட்ட சிரிக்கிற குரங்குன்னு கேட்டா பல்லெல்லாம் காட்டி வைக்கும். நிஜக் குரங்கு பல்லக் காட்டினா சந்தோஷம்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் பயந்துபோயிருக்குன்னு அர்த்தம். வெர்வெட் குரங்கு புருவத்த தூக்கி வெள்ளை இமையக் காட்டினா அது மிரட்டல். சத்தமும் அப்படித்தான், டூல் தானா போடுற சத்தம் எனக்கு வந்த கிளிப்ல எல்லாம் சிம்பன்சி கத்துற மாதிரி இருக்கு. வெர்வெட்டோட சத்தமே வேற, கென்யாவுல அம்போசெலில ஆராய்ச்சி பண்ணி 1980ல எழுதினாங்க, சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒரு சத்தம், பாம்புக்கு ஒரு சத்தம்னு தனித்தனியா வச்சிருக்கு, கேட்ட உடனே மத்த குரங்குங்க மரத்துக்கா புதருக்கான்னு முடிவு பண்ணிடும். இவ்வளவு அறிவுள்ள ஒரு ஜீவன் நம்ம சுவர் மேல தினமும் வந்து உக்காருது, அதப் பத்தி பொய்யா ஒரு பழக்கத்த நம்மளே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறோம். அதுவும் போக, கைல சாப்பாடு வாங்கிப் பழகின குரங்கு அடுத்த வீட்டு ஜன்னல்ல நுழையும், அப்புறம் கவண்கல், பெல்லட் கன். கடைசில அடி வாங்குறது குரங்குதான். ஏஐ வர்றதுக்கு முன்னாடியே இந்தக் கதை உண்டு, ஸ்லோ லோரிஸ்னு ஒரு சின்ன ஜீவன், கிச்சுகிச்சு மூட்டினா கைய மேல தூக்குதுன்னு உலகமே ரசிச்சுது, ஆனா கைல விஷச் சுரப்பி இருக்கிற அந்த ஜீவன் பயத்துல தன்னைக் காப்பாத்திக்கத்தான் கையத் தூக்கும்.

இப்ப நான் வேலையே மாத்திக்கிட்டேன். செக்யூரிட்டி கேமரா லுக் எந்த மிருகத்துக்கும் போடுறதில்ல. முதல்ல ஒரு ஸ்டில் படம் களிமண் பொம்மை மாதிரி பண்ணிக்கிட்டு அதத்தான் அசைய வைக்கிறேன், பொம்மைன்னு பாத்த உடனே தெரியணும், அதுல இன்னொரு லாபம், ஒவ்வொரு கிளிப்லயும் அதே மூஞ்சி, அதே சட்டை வரும். ஏஐ அனிமேஷன்னு எழுத்த மூலைல வைக்காம மிருகத்தோட சட்டையிலயே, நெஞ்சுப் பக்கம் எடிட்டிங்ல ஒட்டி வைக்கிறேன், கிராப் பண்ணணும்னா மிருகத்தையே வெட்டணும். குழந்தையையும் காட்டு மிருகத்தையும் ஒரே ஃப்ரேம்ல வைக்கவே மாட்டேன்.

போன மாசம் ஒருத்தர் வந்தாரு, பையன் பாம்போட கை குலுக்குற மாதிரி வேணும்னு. இந்த ஊர்ல தோட்டத்துலயே விஷம் துப்புற நாகம் வரும், இங்க பேசுற ஜுலு மொழில ம்ஃபேசின்னு சொல்லுவாங்க, கருப்பு மாம்பாங்கிற கொடிய விஷப் பாம்பும் உண்டு. அட்வான்ஸ் பணம் மேசை மேல இருந்துச்சு, எடுத்து அவர் கையிலயே குடுத்துட்டேன். பதிலுக்கு பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு உள்ள கறிக்குழம்பு ஊத்துற டர்பன் சாப்பாடு) சாப்பிடுற ஒட்டகச்சிவிங்கி பண்ணித் தர்றேன்னு சொன்னேன், யோசிச்சுட்டு சரின்னாரு, அது இப்ப நல்லா ஓடுது.

அந்த வாழைப்பழ கிளிப்ப என் பக்கத்துல இருந்து எடுத்துட்டேன், ஆனா வாட்ஸ்அப்ல இன்னும் சுத்துது, போன வாரம் கூட டர்பன்லயே இருக்குற ஃபீனிக்ஸ் ஏரியாவுல இருந்து ஒருத்தர் அனுப்பினாரு. உங்களுக்கும் வந்தா நல்லாப் பாருங்க, மஞ்சள் ஃப்ராக், சாம்பல் சுவர், அஞ்சாவது செகண்ட்ல நிறுத்தினா குரங்கோட இடது கைல ஆறு விரல் இருக்கும். அனுப்பினவங்ககிட்ட சொல்லுங்க, இது சாட்ஸ்வர்த்ல ஒருத்தன் கம்ப்யூட்டர்ல பண்ணது, பண்ணவனே சொல்லச் சொன்னான்னு.