அலுமினிய வார்ப்பில் குழி எங்கே விழ வேண்டும்?

உருகிய அலுமினியம் உறையும்போது கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்கும். ஒரு லிட்டர் உலோகத்தை மோல்டில் (வார்ப்பு அச்சில்) ஊற்றினால், அது கெட்டியாகி முடியும்போது 70 மில்லிலிட்டர் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். சிலிக்கான் கலந்தால் இது கொஞ்சம் குறையும். அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கத்து ஃபவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) புழங்கும் எல்எம்6, எல்எம்25 என்ற அலுமினியக் கலவைகள் இரண்டுமே சிலிக்கான் கலந்தவைதான். ஆனால் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. அந்தக் காலியிடம் எங்கே விழ வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம், அவ்வளவுதான். பொருளுக்குள் விழாமல், அதற்கு உருகிய உலோகத்தை ஊட்டிவிட்டுப் பிறகு அறுத்து எடுக்கப்போகிற ரைசர் என்ற கூடுதல் பகுதிக்குள் அதை விழவைப்பதுதான் ஃபீடிங் (ஊட்டும்) வடிவமைப்பின் மொத்த வேலையும்.

கடைசியாக உறையும் இடத்தில்தான் குழி விழும். முதலில் உறையும் பகுதி, தனக்குக் குறைவதைப் பக்கத்தில் இன்னும் திரவமாக இருக்கும் பகுதியிலிருந்து இழுத்துக்கொள்ளும். அது தனக்கு அடுத்ததிலிருந்து இழுக்கும். கடைசியில் மிஞ்சும் பகுதிக்குக் கொடுக்க யாரும் இல்லை. ஆக, எந்தப் பகுதி எந்த வரிசையில் உறைகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஓர் எளிய விதியை 1940-ல் நிக்கோலாஸ் க்வோரினோவ் தந்தார். ஒரு பகுதியின் கனஅளவை, வெப்பம் வெளியேறும் பரப்பளவால் வகுத்தால் வருவது அதன் மாடுலஸ். உறையும் நேரம் மாடுலஸின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மோட்டார் மூடியை எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. தடிமனில் வட்டத் தட்டு. நடுவில் பேரிங் உட்காருவதற்காக 60 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. உயரமும் உள்ள தடித்த உருளை மேடு; இதைத்தான் பாஸ் என்பார்கள். தட்டின் மாடுலஸ் சுமார் 5 மி.மீ., பாஸுக்கு 10 மி.மீ. இரண்டு மடங்கு மாடுலஸ் என்றால் நான்கு மடங்கு நேரம். தட்டு எப்போதோ இறுகிவிட, பாஸின் வயிற்றில் மட்டும் திரவம் தனியாக மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் வார்ப்பு பளபளவென்று இருக்கும். லேத்தில் ஏற்றித் துளை போடும்போதுதான் உள்ளே இருக்கும் சொரசொரப்பான குழி வெளிப்படும். அதற்குள் மெஷினிங் கூலியும் போயிருக்கும்.

சரி, பாஸின் தலையில் ஒரு ரைசர் வைப்போம். ரைசரின் மாடுலஸ், ஊட்ட வேண்டிய பகுதியைப்போல் 1.2 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அப்போது அது 1.44 மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். 10-க்கு 12 என்று போட்டுவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் ரைசரை மேலே உட்காரவைத்ததுமே பாஸின் மேற்பரப்பு மூடிவிடுகிறது, அந்தப் பக்கம் வெப்பம் வெளியேறாது. பாஸின் மாடுலஸ் 12 ஆகிவிடும். ரைசருக்கு இப்போது 14.4 வேண்டும். விட்டமும் உயரமும் சமமாக உள்ள, அடிப்பக்கம் குளிராத உருளைக்கு விட்டத்தை 5-ஆல் வகுத்தால் மாடுலஸ் வரும். எனவே விட்டம் 72 மி.மீ.

அப்புறம் கொடுக்கும் அளவையும் சரிபார்க்க வேண்டும். மண் மோல்டில் சாதாரண உருளை ரைசர் தன் கனஅளவில் சுமார் 14 சதவீதத்தைத்தான் விட்டுக்கொடுக்கும். நம் ரைசர் 293 கன செ.மீ.; கொடுப்பது 41 கன செ.மீ. அதில் பாதி ரைசரின் சொந்தச் சுருக்கத்துக்கே போய்விடும். மீதி 20 சொச்சம், 7 சதவீதக் கணக்கில், 293 கன செ.மீ. பொருளுக்குத்தான் போதும். அதாவது ரைசர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பொருளுக்குத்தான் அது ஊட்டும்! ஊற்றும் உலோகத்தில் பாதி மறுபடி உலைக்கே போகிறது. வெப்பத்தைத் தாங்கி நிறுத்தும் இன்சுலேட்டிங் ஸ்லீவை ரைசரைச் சுற்றி வைத்தால் இந்தச் செலவை நன்றாகக் குறைக்கலாம்.

வார்ப்பு ரிஜெக்ட் ஆனதும் “ரைசரைப் பெரிசாக்கு” என்பதுதான் பல இடங்களில் முதல் பதிலாக வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பாஸின் அடியில் காய்ந்த, துருவில்லாத இரும்புக் கட்டி ஒன்றைப் பதித்தால் அது வெப்பத்தை உறிஞ்சி, உறைதலைக் கீழிருந்து மேலாக, ரைசரை நோக்கித் தள்ளும். நடுவில் கோர் (துளை விழவேண்டிய இடத்தை அடைத்து நிற்கும் உருளை) வைத்து பாஸைக் குழாயாகவே வார்த்தால் தடிமனே குறைந்துவிடும். வரைபடம் இறுதியாகும் முன் வடிவமைப்பாளர் ஃபவுண்டரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் இது எளிதில் நடக்கும். இரண்டு தடித்த பகுதிகளுக்கு நடுவில் மெல்லிய சுவர் இருந்தால் ஒரே ரைசர் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. சுவர் முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும்.

அலுமினியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் சீக்கிரம் மங்கிவிடும். எல்எம்25 போன்ற கலவை ஒரே வெப்பநிலையில் உறைவதுமில்லை. சுமார் 615 டிகிரியில் தொடங்கி 60 டிகிரிக்கு மேல் இறங்கும் வரை பாதி திடம், பாதி திரவமாக இருக்கும். குழைந்த சோற்றுக்குள் கஞ்சி இறங்குவதுபோல, படிகங்களின் இடுக்குகள் வழியாகத்தான் ரைசரின் உலோகம் ஊர்ந்து போக வேண்டும். இடுக்கு நீளமாக நீளமாக அழுத்தம் குறையும். அப்போது ஒரே பெரிய குழி விழாமல், பஞ்சுபோல நுண்துளைகள் பரவும். பம்ப் உடலைத் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுக்கும்போது சன்னமாகக் குமிழ் விடுவது இந்தத் துளைகள் வழியாகத்தான்.

அழுத்தம் குறைந்த அந்த இடங்களில்தான் ஹைட்ரஜனும் வெளிப்படும். ஈரம் பட்டால் உருகிய அலுமினியம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும்; உறையும்போது கரைதிறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக விழுவதால் வாயு வெளியே வந்தாக வேண்டும். சென்னையின் காற்று எப்போதும் ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்காட் (உருக்குவதற்கான அலுமினியக் கட்டி), ஃப்ளக்ஸ் (உருகிய உலோகத்தைச் சுத்தம் செய்யும் பொடி), கரண்டி எல்லாமே ஈரம் பிடிக்கும். அந்த மாதங்களில் துளை கூடினால் ரைசரைத் தொடுவதற்கு முன், வார்ப்பை அறுத்து லென்ஸில் பார்க்க வேண்டும். வழுவழுப்பான உருண்டைத் துளை என்றால் வாயு. முள்முள்ளாகக் கிழிந்தாற்போல் இருந்தால் சுருக்கம். இரண்டும் கலந்திருப்பதே அதிகம். அப்போது இன்காட்டைச் சூடாக்கி ஈரம் போக்கி, நைட்ரஜன் செலுத்தி வாயுவை வெளியேற்றிவிட்டு, அதே ரைசரோடு மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் முள்முள்ளான துளை மிஞ்சினால் மட்டும் மாடுலஸ் கணக்கைத் திரும்ப எடுக்கலாம்.