கரைந்துகொண்டே காத்த செம்பு

"1782ல் நம் கரையோரம் ஆங்கிலேயரோடு மோதிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சிலவற்றின் அடியில் செம்புத் தகடு அடித்திருந்தார்களாமே, கண்ணேறு படாமலிருக்கவா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கண்ணேறுக்காக இல்லை. புழுவுக்கும் பாசிக்கும் பயந்துதான் அடித்தார்கள்.

அந்தப் படையின் தலைமைக் கப்பல் 'எரோ'. பிரெஞ்சில் வீரன் என்று பொருள். 1778ல் பிரான்சின் துலோன் துறைமுகத்தில் கடலில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பல். 1781 மார்ச்சில் தளபதி சுஃப்ரென் இதில் ஏறிப் புறப்பட்டார். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், அப்புறம் இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர் என்று 16 மாதத்தில் ஐந்து சண்டைகள். திருகோணமலையில் எரோவின் நடுப் பாய்மரமே முறிந்து விழுந்தது. இன்னொரு கப்பலிலிருந்து மரத்தைக் கழற்றி நட்டால் பாய்மரம் சரியாகிவிடும். ஆனால் அடிப்பகுதி?

வெதுவெதுப்பான நம் கடலில் மரம் கிடந்தால் முதலில் பாசி படரும், பிறகு ஓடுள்ள சிற்றுயிர்கள் அப்பிக்கொள்ளும். கப்பல் சொரசொரப்பாகி வேகம் குறையும். அதைவிடக் கொடியது கப்பல் புழு. புழு என்கிறோமே தவிர அது சிப்பி இனம். ஓட்டின் முனையால் மரத்தை அரம் போல அராவிக்கொண்டே உள்ளே போகும். வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே பலகை தேனடை மாதிரி ஆகிவிடும். கட்டுமரத்தைக் கரையில் இழுத்துப் போட்டுக் காயவிடலாம். 74 பீரங்கிக் கப்பலை என்ன செய்வது? ஆங்கிலேயருக்குப் பம்பாயில் உலர்துறை, அதாவது கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்து அடிப்பகுதியைப் பழுது பார்க்கும் இடம், இருந்தது. இந்தியக் கரையில் சுஃப்ரெனுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அவர் கப்பல்களில் சிலவற்றுக்குச் செம்பு இருந்தது, மற்றவை வெறும் மரம். அணியாகப் போகும்போது மெதுவான கப்பலின் வேகம்தான் எல்லோருக்கும்.

சரி, செம்பு என்ன செய்கிறது? புழு துளைக்க முடியாத கவசம் என்பது பாதி விடைதான். மீதிப் பாதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடல்நீரிலுள்ள ஆக்சிஜனும் குளோரைடும் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. தகட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் செம்பு அயனிகள் (மின்னேற்றம் கொண்ட செம்பு அணுக்கள்) எப்போதும் கசிந்தபடி இருக்கும். ஒட்ட வரும் இளம் உயிரியின் நொதிகளை அவை முடக்கிவிடும். அதாவது, தகடு கரைவதால்தான் கப்பல் சுத்தமாக இருக்கிறது. செம்புக்கு ஏதோ தெய்வீக சக்தி உண்டு என்று விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இந்த அயனிக் கதையைவிடப் பெரிய அதிசயம் எதை அவர்கள் சொல்லிவிட முடியும்?

இதில் ஒரு சிக்கல் வந்தது. 1761ல் ஆங்கிலேயர் 'அலாரம்' என்ற கப்பலுக்குச் செம்பு அடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே பழுப்புக் காகிதம் தங்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணி நன்றாக இருந்தது! இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் அது ஒரு மின்கலம். இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துக் கொடுத்துத் தானே அழியும். மின்கலம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் ஒரு காகிதத் துண்டு இதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. பிறகு 1780களில் இரும்பு ஆணியை விட்டுச் செம்புக் கலவை ஆணிக்கு மாறினார்கள்.

எரோ 1784ல் ஊர் திரும்பி, 1793 டிசம்பரில் துலோனைக் கொஞ்ச காலம் வைத்திருந்து விட்டு ஓடிய ஆங்கிலேயர் வைத்த தீயில் எரிந்துபோனது. செம்பின் கதை அதற்குப் பிறகும் நடந்தது. 1824ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர், தகடு தேய்ந்துபோகாமலிருக்க, இந்த மின்கலத்தையே திருப்பிப் பயன்படுத்தினார். செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைச் சேர்த்தால் அந்தத் துண்டு கரையும், செம்பு கரையாது. கணக்கு சரியாகவே பலித்தது. செம்பு கரையவே இல்லை. கரையாததால் பாசியும் ஓட்டுயிர்களும் மறுபடி அப்பிக்கொண்டன. கடற்படை அந்த யோசனையைக் கைவிட்டது.

உடனடிப் பலன் இல்லாத ஆராய்ச்சிக்கு ஏன் காசு என்று கேட்பவர்களுக்கு நான் டேவியைத்தான் காட்டுவேன். இன்றைய எஃகுக் கப்பல்களின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் அவர் யோசனைதான். பாசியைத் தடுக்க அதே கப்பலுக்குச் செம்பு ஆக்சைடு கலந்த சாயம் பூசுகிறார்கள், அதுவும் மெல்லக் கரைந்துதான் வேலை செய்கிறது. அந்தச் செம்பு எஃகைத் தொட்டுவிடாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே இன்னொரு பூச்சு உண்டு, அலாரம் கப்பலில் பழுப்புக் காகிதம் இருந்த அதே இடத்தில்.