புக்கிட் தாபூர் முகடு ஏன் இவ்வளவு ஒல்லி?

பத்தாங்காலி பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் நல்ல மழைக்கு மறுநாள் நடந்து பாருங்கள், செம்மண் கரைந்து கான் பக்கம் ஓடிப்போயிருக்கும், பாதையில் வெள்ளை வெள்ளையாகப் பரல்மணல் மட்டும் கிடக்கும். அது குவார்ட்ஸ் என்ற கனிமம். நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் ஏறக் கிளம்புகிற, கோலாலம்பூர் பக்கத்துப் புக்கிட் தாபூர் குன்றும் அதே சரக்குதான், ஆனால் அங்கே சுமார் 14 கிலோமீட்டருக்குச் சுவராக நீண்டு கிடக்கிறது.

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகியது ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்புறம் அது நீளவாக்கில் விரிசல் விட்டது. குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா கரைந்த சுடுநீர் ஆழத்திலிருந்து அந்த விரிசலில் ஏறி, சூடு குறையக் குறைய சிலிக்காவைக் குவார்ட்ஸாகப் படியவிட்டது. விரிசல் மறுபடி பிளந்தது, மறுபடி நிரம்பியது.

குவார்ட்ஸ் கடினமான கல், அதனால் நின்றுவிட்டது என்பார்கள். பாதிதான் சரி. கருங்கல்லில் நிறைய இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் லேசுப்பட்டதல்ல, கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 6, குவார்ட்ஸ் 7, அவ்வளவுதான். சங்கதி வேதியியலில் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கிவிடும், நம் நாட்டு வெயிலும் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குவார்ட்ஸிடம் அந்த அமிலத்தின் பருப்பு வேகாது. ஆக, இரண்டு பக்கமும் கருங்கல் மண்ணாகி இறங்க இறங்க நடுச்சுவர் தனித்து நின்றது. கிள்ளான் ஆறு அதை அறுத்துக்கொண்டு போகிற இடுக்கில்தான் 1958இல் அணை கட்டினார்கள்.

இது தெரிந்தால் எங்கே கால் வைப்பது என்பதும் புரியும். குவார்ட்ஸுக்கு இந்தத் திசையில்தான் பிளப்பேன் என்ற ஒழுங்கு கிடையாது, கண்ணாடி மாதிரி உடையும், விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். காய்ந்திருந்தால் சொரசொரப்பில் ரப்பர் அடிச்சப்பாத்து நன்றாகப் பிடிக்கும். நனைந்து பாசி படிந்த இடத்தில் பிடிக்கவே பிடிக்காது. மதியத்துக்கு மேல் மழை வரும் ஊர் இது, விடியற்காலையில் ஏறுவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

பலர் கவனிக்காதது மரங்கள். ஃபெல்ட்ஸ்பார் இல்லாத இடத்தில் களிமண் எப்படி வரும்? முகட்டில் மண் மெல்லிசு, சத்தும் குறைவு. வேறெங்கும் வளராத சில செடிகள் அங்கே இருப்பது அதனால்தான், மரங்கள் குட்டையாக நிற்பதும் அதனால்தான். வேர் பாறை இடுக்கில் மேலோட்டமாகத்தான் ஓடியிருக்கும், ஆகவே முழுப் பாரத்தையும் ஒரு மரத்தில் போடாதீர்கள். கல்லைப் பிடித்தாலும் முதலில் தட்டிப் பாருங்கள், ‘டொக்’கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிளவு இருக்கிறது. இறங்கும்போது செங்குத்தான இடத்தில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு இறங்குங்கள், முதுகைக் காட்டி இறங்கினால் அடுத்த அடி தெரியும், ஆனால் பிடிக்கக் கைக்கு ஒன்றும் இருக்காது. பாதை திறந்திருக்கிறதா, பெர்மிட் வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே வன இலாகாவிடம் கேட்டுவிடுங்கள்.